புதிய வியாபாரத்தை இணையத் திருட்டினின்று காத்தல்

களஞ்சியத்தில் சேர்ந்த நெல்லை எலியும் அந்துப் பூச்சியும் அழிக்காவண்ணம் காப்பது சாகுபடியின் ஒரு பகுதியே என்பதை நமது குடியானவர்கள் நன்கறிவார்கள். எவ்வளவு பாடுபட்டு விளைவித்தாலும், காப்பு இல்லையாயின் பலன் வீடு வந்து சேராது. விளைபொருளை விற்றுக் கிடைக்கும் பணத்தின் விஷயமும் இத்தகையதே. முற்காலத்தில் அப்பணம் ரொக்கமாய் மடிக்கு வந்து, மடியினின்று பெட்டிக்குச் சென்றது. இந்நாளிலோ அதன் பெரும்பகுதி கைப்பேசி வாயிலாக நேரே பாங்கிக் கணக்கில் சேருகிறது. பணம் செல்லும் வழி மாறவே, திருடனும் தன் வழியை மாற்றிக்கொண்டான். அவன் இரவில் சுவரில் கன்னம் வைப்பதில்லை. பட்டப்பகலில் டெலிபோனில் மரியாதையாகப் பேசுகிறான்.

விளைபொருள்களைத் தாமே பக்குவம் செய்து தாமே விற்கும் வியாபாரங்கள் இப்போது பெருகி வருகின்றன. இவற்றைப் புதிதாகத் தொடங்குவோர், இணையத்தின் வழியே வரும் அபாயங்களை அறிந்து, முன்கூட்டியே தக்க ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூம்பல் வட்டார நிலைமை

நூம்பல், சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அண்மையில், திருவேற்காடு, வேலப்பன்சாவடி ஆகிய ஊர்களை அடுத்து அமைந்துள்ளது. நகரம் விரிந்து வருவதனால் இவ்வட்டாரத்தில் வயல்கள் வீட்டு மனைகளாகிச் சாகுபடி சுருங்கிவிட்டது. ஆயினும், அதே காரணத்தால் வாங்குவோர் வாசலுக்கே வந்துவிட்டனர். கிழக்கே, 1996-ல் திறக்கப்பட்ட கோயம்பேடு மொத்த மார்க்கெட்டும் எட்டிய தூரத்தில் உள்ளது. ஆகவே சிறு நிலமோ, கொல்லையோ, கொட்டகையோ உள்ளவர்கள் நாற்றுப்பண்ணை, மாடித்தோட்டச் செடிகள், மண்புழு உரம், கீரை, காளான், செக்கெண்ணெய் முதலிய தொழில்களைத் தொடங்கிப் பிழைக்க இங்கு இடமுண்டு. இவர்கள் வாட்ஸப்பில் ஆர்டர் வாங்கி, யூபிஐ முறையில் பணம் பெறுகின்றனர். 2016-ல் ஏற்பட்ட இம்முறையால் சில்லறைத் தொல்லை நீங்கிற்று; பணமும் உடனே கைக்கு வருகிறது. அதே வேகத்தில் அது வெளியேயும் போய்விடக் கூடும் என்பதுதான் கவனிக்க வேண்டுவது.

நஷ்டத்தின் அளவை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவர் குடும்ப நகையை அடகு வைத்து, 2 இலட்சம் ரூபாய் முதல் போட்டுச் செக்கெண்ணெய் வியாபாரம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சகல செலவும் போக லிட்டருக்கு 30 ரூபாய் நிற்கிறது. நாளொன்றுக்கு 10 லிட்டர் விற்கிறது. ஒரு நாள் டெலிபோன் பேச்சில் ஏமாந்து 45,000 ரூபாயை இழந்தாராயின், அதை ஈடுசெய்ய அவர் 1,500 லிட்டர் விற்க வேண்டும். அதாவது 150 நாட்கள் ஒரு காசும் இலாபமின்றி உழைக்க வேண்டும். இதற்கிடையில் அடகு வட்டி நிற்பதில்லை. எள்ளும் வேர்க்கடலையும் கடனுக்குக் கிடைப்பதில்லை. பெரிய கம்பெனிகள் இத்தகைய நஷ்டத்தைத் தாங்கும். புது வியாபாரி தாங்கார்.

திருட்டு எவ்வழிகளில் வருகிறது

1. கிராக்கி போல் வருபவன்: ஒருவன் தன்னை இராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, முகாமுக்கு 50 லிட்டர் எண்ணெயோ, நூறு செடிகளோ வேண்டுமென்று ஆர்டர் கொடுப்பான். அடையாளச் சீட்டின் படத்தையும் அனுப்புவான். இராணுவ ஸ்தாபனங்கள் உள்ள ஆவடிக்குச் சமீபத்தில் வசிப்பவர்கள் இதை எளிதில் நம்பிவிடுவர். பிறகு, "பணம் அனுப்புகிறோம், இந்த க்யூ-ஆர் படத்தைக் கைப்பேசியில் காட்டி இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். போட்டவுடன் பணம் வராது. நம் கணக்கிலுள்ளது போய்விடும். யூபிஐ இரகசிய எண் பணம் கொடுப்பதற்கு உரியது. பெறுவதற்கு அது ஒருபோதும் வேண்டுவதில்லை. இந்த ஒரு விதியை மறவாதிருந்தாலே அநேக மோசங்கள் நீங்கும்.

2. போலி ரசீது: பணம் செலுத்திவிட்டதாகக் கைப்பேசித் திரையில் ஒரு படத்தைக் காட்டிச் சரக்கை எடுத்துச் செல்வது ஒரு வகை. இப்படங்களை யாரும் தயாரித்துவிடலாம். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, மிகுதியைத் திருப்பிக் கேட்பது மற்றொரு வகை. இரண்டிலும் நம் பாங்கிக் கணக்கைத் திறந்து வரவைப் பார்த்த பின்னரே சரக்கையோ பணத்தையோ கொடுக்க வேண்டும். கடையில் ஒட்டியுள்ள க்யூ-ஆர் தாளின்மேல் வேறொரு தாளை ஒட்டிப் போவதும் உண்டாதலால், காலையில் கடை திறந்ததும் அதைச் சோதித்துக்கொள்வது நலம்.

3. போலிச் செயலி: சர்க்கார் உதவித்தொகை, மானியம், மின்கட்டணம், பார்சல் என்று ஏதேனும் ஒரு பெயரில் வாட்ஸப்பில் கோப்பு ஒன்று வரும். பி.எம். கிசான் திட்டத்தின் பெயரால் குடியானவர்களுக்கு இத்தகைய கோப்புகள் மிகுதியாய் வந்துள்ளன. கோப்பின் பெயர் ஏ-பி-கே என்று முடியுமாயின் அது ஒரு செயலி என்று அறிக. அதைத் திறந்து நிறுவினால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளை அது திருடனுக்கு அனுப்பிவிடும். பாங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணும் அவனுக்குத் தெரிந்துவிடும். சர்க்கார் உதவிக்காக எந்த இலாகாவும் வாட்ஸப்பில் செயலி அனுப்புவதில்லை.

4. சிம் மாற்றம்: நமது பெயரில் வேறொரு சிம் வாங்கி, நம் எண்ணைத் தன் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்வது மற்றொரு தந்திரம். காரணமின்றிக் கைப்பேசியில் சிக்னல் நெடுநேரம் அற்றுப்போகுமாயின், அதை அசட்டை செய்யாது உடனே டெலிபோன் கம்பெனிக்கும் பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நமது பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை, மத்திய சர்க்கார் 2023-ல் ஏற்படுத்திய சஞ்சார் சாத்தி தளத்தில் செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

5. கணக்கு எண் மாற்றம்: புட்டியோ, விதையோ, யந்திரமோ நமக்கு விற்கும் வியாபாரியின் பெயரில், "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புக" என்று மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கும். சில சமயம் அவ்வியாபாரியின் மின்னஞ்சலே திருடன் வசம் சிக்கியிருக்கும். முன்பே நம்மிடமுள்ள டெலிபோன் எண்ணில் அவரை அழைத்துக் கேட்டாலன்றிப் பணம் அனுப்பலாகாது. புதிய கடிதத்தில் கண்ட எண்ணை அழைப்பதனால் பயனில்லை. அது திருடனுடையதாகவே இருக்கும்.

6. கணக்குகளைப் பூட்டிப் பணம் கேட்டல்: ஒருவகை நச்சு நிரல் கணினியில் புகுந்து, எல்லாக் கோப்புகளையும் திறக்கவொட்டாது பூட்டி, மீட்க வேண்டுமாயின் பணம் கொடு என்று கேட்கும். பணம் கொடுத்தாலும் கோப்புகள் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

பெரிய ஸ்தாபனங்கள் கண்ட அநுபவம்

இவை அறியாதவர்களுக்கு மட்டும் நேருவன என்று எண்ணுதல் தவறு. 1904-ல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் பாங்கியின் கணினிகளில் 2018-ல் திருடர் புகுந்து, வெளிநாட்டுப் பாங்கிகளுக்கு மூன்று பொய்ப் பண உத்தரவுகள் அனுப்பினர். மொத்தத் தொகை ஏறக்குறைய 20 இலட்சம் டாலர். பிப்ரவரி 7-ஆம் தேதி பாங்கி தன் கணக்குகளை ஒத்துப் பார்த்தபோது மோசம் வெளிப்பட்டது. உடனே நடவடிக்கை எடுக்கவே, துபாய்க்குச் சென்ற 5 இலட்சம் டாலர் தடுக்கப்பட்டுத் திரும்பிற்று. நாள்தோறும் கணக்கை ஒத்துப் பார்க்கும் பழைய வழக்கமே இங்கு கள்வனைக் காட்டிக்கொடுத்தது. நமது சிறு கடைக்கும் இது பொருந்தும்.

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு பாங்கிகளுக்கும் கிராமிய பாங்கிகளுக்கும் கணினி வசதி அளித்து வந்த ஸீ-எட்ஜ் என்னும் கம்பெனி மேற்சொன்ன பூட்டு நிரலுக்கு இலக்காயிற்று. தீங்கு பரவாதிருக்க அதன் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அதனால் ஏறக்குறைய 300 சிறு பாங்கிகளின் வாடிக்கையாளர்கள் சிலகாலம் பணம் அனுப்ப இயலாது நின்றனர். பணம் முழுவதையும் ஒரே பாங்கியில், ஒரே முறையில் வைத்திருப்பவர் இத்தகைய நாளில் இடர்ப்படுவார். இரண்டாவது பாங்கிக் கணக்கும், கையில் சிறிது ரொக்கமும் இருப்பது விவேகம்.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் குடியானவர்களின் தானியக் கூட்டுறவு ஸ்தாபனமாகிய நியூ கோஆபரேட்டிவ் என்பதை 2021 செப்டம்பரில் ஒரு கள்வர் கூட்டம் முடக்கி, 59 இலட்சம் டாலர் கேட்டது. அறுவடைக் காலம் பார்த்தே இது நடந்தது. விவசாயத் தொழிலில் பருவம் தவறினால் எல்லாம் தவறும் என்பதைக் கள்வரும் அறிந்துள்ளனர். பண்டிகைக்கு முந்திய வாரமும் முகூர்த்த நாட்களும் நமது வியாபாரிகளுக்கு அறுவடைக் காலம் போன்றவை. அவ்வேளையில் எச்சரிக்கை இரட்டிப்பாக இருத்தல் வேண்டும்.

2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல் சுமார் 150 தேசங்களில் பரவிற்று. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கணினிகள் தப்பின, ஏற்றாதவை அகப்பட்டன. விதை நேர்த்தி செய்த வயலுக்கும் செய்யாத வயலுக்கும் உள்ள பேதமே இது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

தனிக் கணக்கு: வியாபாரத்துக்கென்று தனியே பாங்கிக் கணக்கு வைத்தல் வேண்டும். யூபிஐ இக்கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். அன்றாட வரவை மாலையில் வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, இதில் சிறு தொகையே இருக்கச் செய்க. அந்த மற்றொரு கணக்கைக் கைப்பேசிச் செயலி எதனோடும் இணைக்கலாகாது. ஒரு நாளில் வெளியே செல்லக்கூடிய தொகைக்குப் பாங்கியில் வரம்பு குறிப்பித்துக்கொள்ளலாம். இவ்விதம் செய்தால் மோசம் நேர்ந்தாலும் முதல் முழுவதும் போகாது.

கடவுச்சொல்: பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைப்பது வாசற்படியின்கீழ் சாவியை வைப்பதற்கு ஒப்பாகும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக அமைப்பது நல்லது. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இவற்றுள் மின்னஞ்சலின் கடவுச்சொல் மிக முக்கியமானது. ஏனெனில் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்துபோனால், மாற்றுவதற்கான கடிதம் மின்னஞ்சலுக்கே வரும். அது திருடன் கைப்பட்டால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும்.

இரட்டைச் சோதனை: கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்கும்படி மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் ஏற்பாடு உண்டு. வாட்ஸப்பின் அமைப்புகளில் ஆறிலக்க எண் ஒன்றை நாமே குறித்துவைக்கலாம். அதன்பின் ஒருமுறை எண் திருடு போனாலும் நமது வாட்ஸப்பைப் பிறர் எளிதில் கைப்பற்ற முடியாது. வாடிக்கைக்காரரின் பெயர்களும் ஆர்டர்களும் அதிலேயே உள்ள வியாபாரிக்கு இது இன்றியமையாதது.

பிரதிகள்: வரவு செலவுக் கணக்கு, வாடிக்கைக்காரர் ஜாபிதா, லைசென்ஸ்கள் ஆகியவற்றுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கொருமுறை தனி வட்டில் பதிந்து, பதிந்தபின் கணினியினின்று கழற்றி வைத்தல் அவசியம். இணைத்தே வைத்திருந்தால் பூட்டு நிரல் அதையும் பூட்டிவிடும். பிரதி சரியாகத் திறக்கிறதா என்று இடையிடையே சோதிக்கவும்.

திருத்தங்கள்: கைப்பேசியும் கணினியும் புதிய திருத்தம் வந்துள்ளதென்று அறிவிக்கும்போது ஒத்திப்போடலாகாது. இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருளை உபயோகிக்கலாகாது. கணினியில் தீய நிரல் புகுந்துள்ளதெனச் சந்தேகித்தால், சர்க்கார் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் அதை நீக்கும் கருவிகள் இலவசமாய்க் கிடைக்கும். இணையப் பெட்டியோடு வந்த ஆதிக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இணையதளம்: கடைக்குத் தளம் அமைக்கும்போது, அதன் பெயரைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும், தளம் கட்டித்தருபவர் பெயரில் விடுவது, தம் வீட்டுப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதுவது போலாம். புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவைக்க. பாங்கியின் தளத்துக்குச் செல்லும்போது முகவரியைக் கவனிக்க வேண்டும். பாங்கிகள் யாவும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறவேண்டுமென ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது.

வேலையாட்கள்: கடையில் உள்ள அனைவரும் ஒரே கடவுச்சொல்லை உபயோகித்தல் கூடாது. அவரவருக்குத் தனி அநுமதி கொடுத்து, வேலையை விட்டு விலகும் நாளிலேயே அதை நீக்க வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் அனுப்புவதாயின், வீட்டில் இருவர் கலந்து பேசிய பின்னரே அனுப்புவது என்று நியமம் வைத்துக்கொள்க. அவசரப்படுத்துவதே மோசக்காரனின் முதல் ஆயுதம். இன்னொருவரைக் கேட்கும் பத்து நிமிஷத்தில் அவன் சூழ்ச்சி பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

வாடிக்கைக்காரர் விவரம்: அவர்களுடைய பெயர், விலாசம், எண் ஆகியவை நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. இவற்றைக் காப்பதற்கென 2023-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. வேண்டாத விவரங்களைக் கேட்டு வாங்காதிருப்பதே சிறந்த காப்பு. இல்லாததைத் திருட முடியாது.

மோசம் நேர்ந்தால் செய்ய வேண்டுவது

பணம் போய்விட்டதென அறிந்தவுடன் வெட்கப்பட்டு மறைத்தல் பெரும் பிழை. மோசக்காரர் பணத்தைக் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே செல்வர். அது வெளியேறுமுன் தடுத்தாலன்றி மீட்பது அரிது. ஆகவே முதலில் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இது எந்நேரமும் இயங்கும். பணம் சென்ற நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் காலதாமதம் ஏற்படாது. உடனே பாங்கிக்கும் தெரிவித்து, கணக்கை நிறுத்தச் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. பிறகு, 2019-ல் ஏற்பட்ட தேசிய சைபர் குற்ற முறையீட்டுத் தளத்திலும் எழுத்து மூலமாய்ப் பதியலாம். ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு வட்டாரத்தார், 2022 ஜனவரி 1 முதல் இயங்கி வரும் ஆவடி மாநகரப் போலீஸ் ஆணையரகத்தை அணுகலாம். குறுஞ்செய்தி, வாட்ஸப் உரையாடல், திரைப்படங்கள் ஆகிய எதையும் அழித்துவிடலாகாது, அவையே சாட்சியங்கள்.

தாமதமின்மைக்கு வேறொரு காரணமும் உண்டு. ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பாங்கியின்மீதும் வாடிக்கையாளர்மீதும் பிழையின்றி மூன்றாமவரால் பணம் களவு போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இரகசிய எண்ணைத் தாமே பிறருக்குச் சொல்லிவிட்டவரோ, தெரிவிக்கும்வரை போன நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்தபின் போவது பாங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் பணம் பெறும்.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவோருக்கு, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும், 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் தண்டனை கிடைப்பதும் பணம் கிடைப்பதும் வேறு வேறு. பணத்தை மீட்டுத் தருவதாகப் பின்னர் பேசுபவனும் பெரும்பாலும் மோசக்காரனே. அவனுக்குக் கட்டணம் கொடுத்து மறுபடியும் ஏமாறலாகாது.

செலவும் பலனும்

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. பிரதி எடுக்கும் வட்டு ஒன்று மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். மற்றவை ஒரு மாலைப்பொழுது வேலை. அதன்பின் நாளொன்றுக்குக் கால் மணி நேரம். கடை அடைக்குமுன், கைப்பேசியில் வந்த தொகையையும், பாங்கியில் ஏறிய தொகையையும், சரக்கு சென்ற அளவையும் மூன்றையும் ஒத்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசமாயினும் மறுநாளைக்கு வைக்காமல் காரணம் காண்க. மோசக்காரர் சிலர் முதலில் ஒரு சிறு தொகையை எடுத்துப் பார்த்துப் பின்னரே பெருந்தொகையில் கை வைப்பர்.

வரப்பில் நண்டு வளை கண்டால், தண்ணீர் வடிந்து போகுமுன்னே அடைப்பது குடியானவர் வழக்கம். அதே கவனத்தைக் கைப்பேசியிலும் கணக்கிலும் செலுத்தினால், நூம்பல் போன்ற ஊர்களில் சிறு முதலோடு தொடங்கிய வியாபாரங்கள் நிலைபெற்று, அடகு நகைகளும் காலத்தில் வீடு திரும்பும்.